ராட்டினம் செய்தவரிடம் சில கேள்விகள்

சுவிட்சர்லாந்தில் மோந்தே என்றொரு சின்ன ஊர். வால்ட்டர் போலிகர், குளோட் மாபியார் என்ற இரண்டு பொறியாளர்கள் வேலை பார்த்த கம்பெனியை விட்டு வெளியே வந்து, 1988இல் அங்கே சொந்தமாக ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். ரோலர் கோஸ்டர் பைத்தியங்கள் நடுவே 'பி அண்ட் எம்' என்றால் தனி மரியாதை. ஆனால் அவர்கள் செய்த வண்டிகளில் ஏறி அலறிவிட்டு இறங்கும் ஜனங்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பெயர் தெரியாது. டிக்கெட்டில் பார்க்கின் பெயர், வாசலில் ரைடின் பெயர், டீஷர்ட்டில் ஒரு டிராகன் படம். அவ்வளவுதான். டவுன் பஸ்ஸில்கூட முன்னால் அசோக் லேலண்ட் என்று எழுதியிருக்கும். மணிக்கு நூறு கிலோமீட்டரில் நம்மைத் தலைகீழாகத் திருப்பும் வண்டியில் யார் செய்தது என்பதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அப்படித் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் கோஸ்டர் ரசிகர் சங்கம் 1978இலேயே வந்துவிட்டது. உலகத்தில் உள்ள கோஸ்டர்களையெல்லாம் பட்டியல் போட்டு வைத்திருக்கும் இணையதளம் 1996 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஊறிப்போன ரசிகருக்குத் தண்டவாளத்தின் குறுக்குவெட்டு ஒன்று போதும், யார் செய்தது என்று சொல்லிவிடுவார். நடுவில் பெட்டி மாதிரி சதுர முதுகெலும்பு இருந்தால் பி அண்ட் எம். மெல்லிய குழாய்களை முக்கோணமாகப் பின்னியிருந்தால் பெரும்பாலும் இன்டமின் என்ற இன்னொரு கம்பெனி. பழைய மரக் கட்டுமானத்தின் மேல் பளபளவென்று இரும்புத் தண்டவாளம் ஓடினால், அது ஐடஹோ மாநிலத்து ராக்கி மவுண்டன் கன்ஸ்ட்ரக்ஷன்.

இந்த ரசிகர்கள் கையில் ஒரு தயாரிப்பாளர் சிக்கினால் முதலில் கேட்பது, "அடுத்தது எவ்வளவு உயரம்? எவ்வளவு வேகம்?" எனக்கு இதில் பெரிய ஆர்வம் இல்லை. அபுதாபியில் 2010இல் திறந்த ஃபார்முலா ரோசா மணிக்கு 240 கி.மீ. வேகத்தில் போகிறது. கண்ணில் மணலும் பூச்சியும் அடிக்கும் என்று கண்ணாடி மாட்டித்தான் ஏற்றுகிறார்கள். சவுதி அரேபியாவின் கித்தியா என்ற பொழுதுபோக்கு நகரத்துக்காக அதே இன்டமின் வடிவமைத்த ஃபால்கன்ஸ் ஃப்ளைட்டின் இலக்கு 250. சரி, அதற்கப்புறம் 260. இதையெல்லாம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை, அவர்களே பத்திரிகையைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவார்கள். நான் கேட்க நினைப்பதெல்லாம் அவர்களாக வாய் திறந்து சொல்லாத விஷயங்கள்.

முதலில் சத்தம். பி அண்ட் எம் தண்டவாளத்தின் முதுகெலும்பு உள்ளே காலியான இரும்புப் பெட்டி. வண்டி அதன் மேல் ஓடும்போது அந்தப் பெட்டி முழுக்க அதிர்ந்து ஓர் உறுமல் வரும். பார்க்கின் வாசலுக்கு வெளியே நின்றாலே கேட்கும். அக்கம்பக்கத்துக்காரர்கள் புகார் செய்யக்கூடிய இடங்களில் அந்தப் பெட்டிக்குள் மணலைக் கொட்டி உறுமலை அடக்குகிறார்கள். ஆக, சத்தத்தைக் குறைக்க வழி தெரியும். அப்படியென்றால் மற்ற இடங்களில் உறுமலை வேண்டுமென்றே விட்டு வைக்கிறார்களா? மணல் போட்டால் செலவு, எடை என்பதால் விடுகிறார்களா? வரிசையில் நிற்பவனின் வயிற்றைக் கலக்குவதில் பாதி அந்தச் சத்தம்தான். அது வரைபடத்திலேயே இருந்ததா, தானாக வந்து சேர்ந்ததா?

அப்புறம் வட்டம். கோஸ்டரில் தலைகீழாகச் சுற்றும் வளையத்தைப் பார்த்தால் அது சரியான வட்டமாக இருக்காது, கண்ணீர்த்துளி வடிவில் மேலே குறுகி, கீழே அகன்றிருக்கும். காரணம் எளிய கணக்கு. சரியான வட்டமாக இருந்தால், உச்சியில் கீழே விழாமல் சுற்றும் அளவுக்கு வேகம் கொடுத்தாலே அடியில் ஆளின் எடை ஆறு மடங்காகிவிடும். 60 கிலோ ஆள் 360 கிலோவாகக் கனப்பார். நியூயார்க்கின் கோனி ஐலண்டில் 1895இல் ஃப்ளிப் ஃப்ளாப் என்று ஒன்றைச் சரியான வட்டமாகக் கட்டினார்கள். கழுத்து வலியோடு இறங்கியவர்கள்தான் அதிகம். அதை ஒழுங்காகத் தீர்க்க எண்பது வருஷம் ஆனது. ஜெர்மனியின் வெர்னர் ஸ்டெங்கல் கணக்குப் போட, அன்டன் ஷ்வார்ட்ஸ்காப் செய்ய, 1976இல் கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுண்டனில் ரெவல்யூஷன் வந்தது. வளைவின் ஆரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே போவதுதான் சூத்திரம். இன்றைக்கு உலகில் ஓடும் வளையங்கள் எல்லாம் அந்தக் குடும்பம்தான்.

இங்கேதான் என் உண்மையான கேள்வி வருகிறது. இப்போது கம்ப்யூட்டரில் வரைந்தவுடன் தண்டவாளத்தின் ஒவ்வொரு இடத்திலும் பயணியின் மேல் எவ்வளவு விசை விழும் என்று தெரிந்துவிடும். எத்தனை ஜி விசையை (ஒரு ஜி என்றால் நம் எடை, இரண்டு ஜி என்றால் அதில் இரண்டு மடங்கு) எத்தனை நொடி தாங்கலாம் என்பதற்குத் தரவிதிகளில் வரைபடமே இருக்கிறது. பிறகு எப்படி 2010இல் வர்ஜீனியாவின் கிங்ஸ் டொமினியனில் இன்டிமிடேட்டர் 305 வந்தது? 93 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கியதும் வரும் முதல் திருப்பத்தில் பலருக்குக் கண் இருட்டிக்கொண்டு போனது. சிலர் ஒரு கணம் நினைவிழந்தார்கள். அடுத்த வருஷமே அந்தத் திருப்பத்தைப் பிரித்து, ஆரத்தைப் பெரிதாக்கி மாற்றிவிட்டார்கள். இன்டமின் அறையில் யாராவது அந்த எண்களைப் பார்த்து, "இது கொஞ்சம் ஓவர்" என்று சொன்னாரா? சொன்னவரின் பேச்சு எடுபடவில்லையா? அல்லது விதியின் வரைபடத்துக்குள்ளேயே அடங்கி, ஆனாலும் உடம்பு ஏற்காமல் போனதா? கடைசியாகச் சொன்னதுதான் என்றால் விதியையே மாற்ற வேண்டும். ரசிகர்களோ மாற்றுவதற்கு முன்பு ஏறிவிட்டோம் என்று இன்னமும் பெருமை பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஜப்பானில் ஃபுஜி-கியூ ஹைலேண்டின் டோ-டோடொன்பா கதை இதைவிடக் கசப்பு. அழுத்திய காற்றை ஒரே வீச்சில் திறந்துவிட்டு, 1.56 நொடியில் 180 கி.மீ. வேகத்துக்குத் தள்ளிய வண்டி. பயணிகள் சிலருக்கு எலும்பு முறிந்ததாகத் தெரியவந்து 2021 ஆகஸ்டில் நிறுத்தினார்கள். 2024 மார்ச்சில் இனித் திறக்கமாட்டோம் என்று அறிவித்துவிட்டார்கள். 2001இல் முதன்முதலாகத் திறந்தபோது வேகம் 172. இருபது வருஷம் ஓடியது. 2017இல் அதை 180 ஆக்கி, ஒரு வளையத்தையும் சேர்த்தார்கள். அந்த எட்டு கிலோமீட்டரை யார் கேட்டது? பார்க்கா, தயாரிப்பாளரா, சாதனைப் பட்டியல் பார்க்கும் நம்மைப் போன்ற ஆட்களா?

தோளுக்கு மேல் வரும் பூட்டு பற்றியும் கேட்க வேண்டும். பழைய ரைடுகளில் இரண்டு பக்கமும் காதை ஒட்டிக் கெட்டியான ரப்பர் குழாய் இறங்கும். வண்டி இடதுபக்கம் வெட்டினால் வலது காதில் ஓர் அறை, வலதுபக்கம் வெட்டினால் இடது காதில். சின்ன வயதில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு பார்க்கில் இப்படி அறை வாங்கி, கம்மல் போட்டிருந்த என் அத்தை மகள் காது சிவந்து இறங்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. "கோஸ்டர்னா அப்படித்தான் இருக்கும்மா" என்றார் ரைடு ஓட்டியவர். அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதே கிடையாது. மேலே சொன்ன ரெவல்யூஷன் 1976இல் திறந்தபோது தொடைமேல் ஒரே ஒரு கம்பிதான். வளையம் ஒழுங்கான வடிவத்தில் இருந்தால் சுற்றும்போது உடம்பு இருக்கையோடு அழுந்தித்தான் இருக்கும், விழாது. பிற்பாடு அதற்கும் தோள்பூட்டு மாட்டினார்கள். அது தலையில் இடிக்கிறது என்று இருபது வருஷத்துக்கும் மேல் ஜனங்கள் திட்டினார்கள். 2016இல் புதுப்பித்தபோது மறுபடி தொடைக்கம்பி வந்துவிட்டது. நாற்பது வருஷம் சுற்றி ஆரம்பித்த இடத்துக்கே வந்த அந்த முடிவுகளை எந்த மேசையில் எடுத்தார்கள்? பொறியாளர் மேசையிலா, காப்பீட்டுக்காரர் மேசையிலா?

பூட்டைப் பற்றி இன்னொன்று. பழைய பூட்டு 'டிக் டிக்' என்று பல்பல்லாக இறங்கும். இரண்டு பல்லுக்கு நடுவில் நம் தொடை மாட்டினால் ஒன்று இறுகும், இல்லை தளரும். புதியவை ஹைட்ராலிக். சத்தமில்லாமல் எந்த இடத்திலும் நிற்கும். ஒன்று கசிந்தாலும் இன்னொன்று பிடிக்கட்டும் என்று ஒவ்வொரு இருக்கைக்கும் இரண்டு சிலிண்டர் வைப்பார்கள். இதெல்லாம் அருமையான வேலை. ஆனால் அந்தக் கம்பி எந்த உடம்பை மனதில் வைத்து வளைக்கப்படுகிறது? ஐரோப்பிய ஆணின் தொடையும் வயிறும்தானே அளவு? புடவை கட்டி வரும் பெண்ணின் மடியில் கொசுவத்துக்கும் கம்பிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கலாம் என்று எந்த வரைபடத்திலாவது இருக்கிறதா? நம்மூர் பார்க்குகளில் புடவையோடு ஏறக்கூடாது, துப்பட்டாவைக் கழற்று என்று சொல்வது நியாயம்தான். அதைச் சொல்லியனுப்பியது தயாரிப்பாளரா, ஏதோ நடந்த பிறகு இங்குள்ளவர்களே கற்றுக்கொண்டார்களா?

கொஞ்ச காலம் முன்பு ஒரு ரைடின் இருக்கை பற்றி ஒரு தயாரிப்பாளருக்கு மின்னஞ்சல் போட்டேன். மரியாதையாகப் பதில் வந்தது: தங்கள் ஆர்வத்துக்கு நன்றி, இதுபற்றிப் பார்க் நிர்வாகத்தை அணுகவும். பார்க்கை அணுகினேன். அது தொழில்நுட்ப விஷயம் சார், தயாரிப்பாளரைத்தான் கேட்க வேண்டும் என்றார்கள். இதில் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. தயாரிப்பாளருக்குப் பணம் கொடுப்பவர் பார்க் முதலாளி. நாம் தயாரிப்பாளரின் வாடிக்கையாளரே இல்லை. வருஷா வருஷம் நவம்பரில் ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில் பெரிய வணிகக் கண்காட்சி நடக்கும். புது வண்டிகளையெல்லாம் தரையில் நிறுத்தி, உட்கார்ந்து பார்க்கச் சொல்வார்கள். அது தொழில் செய்பவர்களுக்கான இடம், வாங்க வந்தவர்களோடுதான் அங்கே பேச்சு. அலறப்போகிறவனின் கருத்தைக் கேட்க மேசை கிடையாது.

எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழாவில் அந்தச் சிக்கல் இல்லை. ராட்டினத்தைச் செய்தவரும் ஓட்டுபவரும் கழற்றி லாரியில் ஏற்றுபவரும் ஒரே ஆள். ஒருமுறை பக்கத்தில் போய் நின்று கேட்டேன்.

"அண்ணே, இந்த பேரிங்கை எப்ப மாத்துவீங்க?"

"சத்தம் மாறும் தம்பி. மாறுச்சுன்னா அன்னைக்கு ராத்திரியே கழட்டிருவேன்."

"மாறாமலே உடைஞ்சா?"

"உடையாது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இதுவரைக்கும் உடையல" என்றார்.

நல்ல மனுஷர், காது கூர்மையானவர். ஆனாலும் சத்தத்தை மட்டும் நம்பி என் பிள்ளையை ஏற்ற மாட்டேன். இரும்பில் விழும் விரிசல் பல நேரம் சத்தம் போடாது. நான் அம்பத்தூரில் ஒரு உதிரிபாகப் பட்டறையில் வேலை பார்ப்பவன், உடைந்த வெல்டிங்கை வெட்டிப் பார்ப்பது எங்கள் அன்றாடம். திரும்பத் திரும்ப வளைந்து நிமிரும் இரும்பு, தாங்க வேண்டிய பாரத்தில் பாதிகூட ஏறாதபோதே ஒருநாள் விட்டுவிடும். ஒரு கோஸ்டரில் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு வண்டி என்று வையுங்கள். மணிக்கு 30, நாளைக்குப் பத்து மணிநேரம், வருஷத்துக்கு 300 நாள் என்றால் 90,000 முறை ஒவ்வொரு தூணும் அழுந்தி எழும். பத்து வருஷத்தில் ஒன்பது லட்சம்.

2023 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் கரோலினாவில் உள்ள கரோவிண்ட்ஸ் பார்க்கில் ஃப்யூரி 325 பக்கம் நின்ற ஒருவர் அண்ணாந்து பார்த்திருக்கிறார். 99 மீட்டர் உயர கோஸ்டர், பி அண்ட் எம் செய்தது, திறந்து எட்டு வருஷம்தான் ஆகியிருந்தது. ஒரு தூண், மேல் இணைப்புக்குப் பக்கத்தில், முழுதாக அறுந்து நிற்கிறது. வண்டி அந்த இடத்தைக் கடக்கும்போது தண்டவாளம் தூணைவிட்டு விலகி, மறுபடி வந்து சேர்கிறது. போனில் படம் பிடித்து ஊழியர்களிடம் காட்டினார். அந்த வீடியோவைப் பார்த்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசையும். பார்க் தினமும் சோதனை செய்வதாகத்தான் சொன்னது. கண்டுபிடித்தவரோ வேடிக்கை பார்க்க வந்தவர். பி அண்ட் எம் புதுத் தூண் செய்து கொடுத்து, ஆகஸ்டில் திறந்துவிட்டார்கள்.

மோந்தேக்குப் போனால் இதைத்தான் முதலில் கேட்பேன். ஒரு தூண் போனாலும் விழாதபடி மற்ற தூண்கள் தாங்கின. அதற்கு நான் தொப்பியைக் கழற்றத் தயார், அது நல்ல வடிவமைப்பு. ஆனால் விரிசல் எந்த இணைப்பில் முதலில் வரும் என்று உங்களுக்கு ஒரு ஊகம் இருந்திருக்கும். அந்த இணைப்பை எத்தனை நாளைக்கு ஒருமுறை, எந்த முறையில் பார்க்கச் சொல்லிக் கொடுத்தீர்கள்? தரையிலிருந்து பைனாகுலரிலா? ஆள் ஏறி, விரிசல் தெரியச் சாயம் தடவிப் பார்க்கும் சோதனையா? உங்கள் அமெரிக்கத் தண்டவாளத்தை ஒஹாயோவின் கிளெர்மான்ட் ஸ்டீல் பட்டறையில்தான் வெல்டிங் செய்கிறார்கள். சுவிஸ் கணக்கு, ஒஹாயோ வெல்டர், கரோலினா பராமரிப்பு ஆள். இந்த மூன்று பேரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள இருப்பது ஒரே ஒரு புத்தகம், தயாரிப்பாளர் கொடுக்கும் இயக்கக் கையேடு.

அந்தக் கையேட்டைப் பார்க்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை. வேகம், உயரம், வளையம் எல்லாம் விளம்பரத்தில் வந்துவிடும். கையேடு வெளியே வரவே வராது. ஏதாவது விபத்து நடந்து, விசாரணை அறிக்கையில் இரண்டு வரி மேற்கோளாக வந்தால்தான் உண்டு.

இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸில் 2015 ஜூன் 2 அன்று நடந்தது அப்படித்தான் வெளியே வந்தது. ஸ்மைலர், ஜெர்மனியின் கெர்ஸ்ட்லாயர் செய்தது, 14 முறை தலைகீழாகத் திருப்பும் கோஸ்டர். கோஸ்டர் தண்டவாளம் பல தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு தொகுதிக்குள் ஒரு வண்டி இருந்தால் அடுத்ததை உள்ளே விடாமல் கம்ப்யூட்டர் நிறுத்திவிடும். அன்று சோதனைக்கு அனுப்பிய காலி வண்டி ஒன்று ஏறமுடியாமல் நடுவில் நின்றுவிட்டது. கம்ப்யூட்டர் சரியாகவே பின்னால் வந்த, 16 பேர் உட்கார்ந்திருந்த வண்டியை நிறுத்தியது. உள்ளே இன்னொரு வண்டி நிற்பது தெரியாத பணியாளர்கள், கம்ப்யூட்டர்தான் தப்பாகச் சொல்கிறது என்று நினைத்து, அந்தத் தடையைக் கையால் விலக்கி வண்டியை அனுப்பினார்கள். இரண்டு இளம்பெண்களுக்குக் கால் போனது. நடத்திய கம்பெனிக்கு 2016இல் 50 லட்சம் பவுண்டு அபராதம். தயாரிப்பாளரின் குறிப்பில் காற்று மணிக்கு 55 கி.மீ. அளவைத் தாண்டினால் ஓட்டக்கூடாது என்று இருந்தது. அன்றைக்கு அடித்த காற்று அதைவிடப் பலம்.

ஆர்லாண்டோவில் 2022 மார்ச்சில் உயரத்திலிருந்து விழும் கோபுர ரைடு ஒன்றில் 14 வயதுப் பையன் இருக்கையிலிருந்து விழுந்து இறந்தான். கையேட்டில் ஒருவரின் எடை 130 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று இருந்தது. அவன் அதைவிடக் கனமானவன். அவன் உட்கார்ந்த இருக்கையின் சென்ஸார் கையால் திருத்தப்பட்டு, பூட்டு வழக்கத்தைவிட அகலமாகத் திறந்திருக்கும்போதே 'பூட்டியாயிற்று' என்று விளக்கு எரியும்படி இருந்தது.

இரண்டிலும் பெட்டிக்குள் வைத்த மூளை சொன்னதை மனிதக் கை மாற்றியிருக்கிறது. நடத்தியவர்மேல்தான் குற்றம் என்று தயாரிப்பாளர்கள் சொல்லலாம், சட்டப்படி சரியாகவும் இருக்கலாம். என் கேள்வி வேறு. மாற்ற முடிகிற மாதிரி ஏன் வைத்தீர்கள்? தடையை விலக்க ஒரு சாவி தேவைதான், இல்லையென்றால் நடுவழியில் நின்ற வண்டியை வீடு சேர்க்க முடியாது. ஆனால் அந்தச் சாவி திரும்பும் ஒவ்வொரு முறையும் உங்கள் ஊருக்கு ஒரு தகவல் வந்து விழும்படி செய்ய இன்றைக்கு என்ன கஷ்டம்? பட்டறையில் நாங்கள் வைத்திருக்கும் சாதாரண மெஷினே தன் பிழைச் செய்தியை கோயம்புத்தூரில் உள்ள செய்தவருக்கு அனுப்பிவிடுகிறது.

லாஞ்ச், அதாவது வண்டியை ஒரே உந்தில் பாய்ச்சிவிடும் முறை பற்றிச் சுருக்கமாக. இன்டமின் அமெரிக்காவில் 2003இல் டாப் த்ரில் டிராக்ஸ்டர் கட்டியது, 2005இல் கிங்டா கா. இரண்டாவது 139 மீட்டர் உயரம், மூன்றரை நொடியில் 206 கி.மீ. வேகம். நைட்ரஜனை அழுத்தி வைத்து, எண்ணெயைப் பாய்ச்சி, மோட்டார்களைச் சுழற்றி, கம்பிவடத்தால் வண்டியை இழுத்து எறியும் முறை. உச்சியைத் தாண்டாமல் வண்டி பின்னால் வருவதும் உண்டு. ரசிகர்களுக்கு அது லாட்டரி விழுந்த மாதிரி சந்தோஷம். ஆனால் பாதி நாள் பழுது. டிராக்ஸ்டரில் 2021 ஆகஸ்டில் வண்டியிலிருந்து ஓர் உலோகத் துண்டு பிய்ந்து, வரிசையில் நின்ற பெண்ணின் தலையில் பட்டது. அத்தோடு அது அந்த வடிவில் முடிந்தது. ஸாம்பெர்லா என்ற இன்னொரு கம்பெனி அதை மின்காந்த லாஞ்சுக்கு மாற்றி 2024 மேயில் திறந்தது. ஒரு வாரம் ஓடி, புது வண்டிகளில் கோளாறு என்று மூடி, அடுத்த வருஷம்தான் மறுபடி ஓடியது. கிங்டா காவை 2025 பிப்ரவரி 28 அன்று வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். இருபது வருஷம்கூட நிறையவில்லை. இத்தனை கோடி கொட்டிச் செய்யும்போது எத்தனை வருஷம் உழைக்கும் என்று தாளில் எழுதினீர்கள்?

இதற்கெல்லாம் மேலே ஒரு கவலை, செய்தவரே இல்லாமல் போனால் என்ன ஆவது? கலிஃபோர்னியாவின் ஆரோ கம்பெனிதான் 1959இல் டிஸ்னிலேண்டுக்காகக் குழாய்த் தண்டவாளத்தைக் கண்டுபிடித்தது, 1975இல் திருகுச் சுழலை ஓட்டிக் காட்டியது. ஆனாலும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் திவாலாகி, சொத்துகள் 2002இல் எஸ் அண்ட் எஸ் என்ற இன்னொரு தயாரிப்பாளர் கைக்குப் போயின. போலிகரும் மாபியாரும் முன்பு வேலை பார்த்த ஜியோவனோலாவும் பிற்பாடு மூடப்பட்டது. அவர்கள் செய்த வண்டிகள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன. வரைபடம் யாரிடம்? ஒரு அச்சு உடைந்தால் அதே உலோகக் கலவையில் யார் செய்து கொடுப்பார்?

இதை நான் சும்மா தூரத்துக் கதையாகக் கேட்கவில்லை. பி அண்ட் எம் நம் நாட்டுக்கு வந்து நாளாகிறது. மும்பை பக்கம் கொப்போலியில் உள்ள நைட்ரோ 2013இலிருந்து ஓடுகிறது, கால் வைக்கத் தரையில்லாத வண்டி. இப்போது சென்னைக்குத் தெற்கே, திருப்போரூர் அருகே இள்ளலூரில் 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லாவில் தஞ்சோரா. தண்டவாளத்துக்குக் கீழே இருக்கை தொங்கும், காலை ஆட்டிக்கொண்டு போகும் ரகம். இந்த ரகத்தை 1992இல் சிகாகோ பக்கம் பேட்மேன் என்ற பெயரில் முதன்முதலில் ஓட்டிக் காட்டியவர்கள் இதே மோந்தேக்காரர்கள்தான்.

ஏறியவர்களிடம் கேட்டால் காலைப் பற்றித்தான் சொல்வார்கள். நான் பார்த்தது சக்கரம். இந்த வண்டி ஒவ்வொன்றுக்கும் குழாயின் மேல் ஓடும் சக்கரம், பக்கவாட்டில் பிடிக்கும் சக்கரம், அடியில் நின்று வண்டி கழன்று போகாமல் கவ்வும் சக்கரம் என்று மூன்று வகை. அடிச்சக்கரத்துக்கு ஜான் மில்லர் என்ற அமெரிக்கர் 1919இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். அதுதான் இன்றைய கோஸ்டர் அத்தனைக்கும் அஸ்திவாரம். சக்கரத்துக்கு உள்ளே அலுமினியம், வெளியே பாலியூரித்தேன் என்ற ரப்பர் மாதிரியான பிளாஸ்டிக் பூச்சு. நாங்களும் பட்டறையில் பாலியூரித்தேன் உருளை வைத்து ஓட்டுகிறோம். மே மாதத்தில் அதை எடுத்துக் கையில் வைத்து அழுத்தினால் இளகியிருப்பது தெரியும். இன்னும் போனால் பூச்சு உள்ளிருக்கும் உலோகத்தைவிட்டுப் பிரியும். ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் உட்கார்ந்து தேர்ந்தெடுத்த கெட்டித்தன்மை அக்னி நட்சத்திரத்துக்குச் சரிவருமா? நம்மூருக்கென்று தனிக் கலவை அனுப்பினார்களா? வெயில் காலத்தில் சக்கரம் மாற்றும் இடைவெளி குறையுமா?

இள்ளலூரிலிருந்து கடல் ரொம்ப தூரமில்லை. வடகிழக்குப் பருவக்காற்றில் உப்பும் ஈரமும் நேரே வரும். கோவளத்தில் வீடு கட்டியவர்களைக் கேளுங்கள், ஜன்னல் கம்பி எத்தனை வருஷம் தாங்கும் என்று சொல்வார்கள். இங்கிலாந்தின் பிளாக்பூலில் கடலை ஒட்டியே பிக் ஒன் என்ற 65 மீட்டர் கோஸ்டர் 1994இலிருந்து நிற்கிறது. செய்தது, இப்போது இல்லாத அதே ஆரோ. சில வருஷங்களாகக் குளிர்காலத்தில் அதன் தண்டவாளத்தைத் துண்டு துண்டாக அறுத்து எடுத்துப் புதிதாகப் போடுகிறார்கள். முப்பது வருஷத்துக்குள் அந்த நிலை. அங்கே பருவம் முடிந்தால் மூடிவிட்டு நிதானமாகச் செய்யலாம். இங்கே வருஷம் முழுக்கக் கூட்டம் வரும்.

அடுத்த தடவை போகும்போது, காலையில் கேட் திறந்தவுடன் தண்டவாளத்தின் அடியில் வந்து நிற்கும் பராமரிப்பு ஆட்களில் ஒருவரைப் பிடித்துக் கேட்கலாம் என்றிருக்கிறேன்: பெயிண்டுக்கு அடியில் துத்தநாகப் பூச்சு உண்டா, போல்ட்டை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை முறுக்கிப் பார்க்கிறீர்கள், புயல் எச்சரிக்கை வந்தால் வண்டியை எங்கே கட்டுவீர்கள்? மேனேஜரைக் கேளுங்க சார் என்பார். மேனேஜர் மோந்தேவைக் கை காட்டுவார். பரவாயில்லை, மோந்தேக்கு எழுதுகிறேன். யாருக்காவது அங்கே ஆள் தெரிந்தால் சொல்லுங்கள், பிரெஞ்சில் எழுதித்தர ஆள் கிடைத்துவிட்டது.